நான்கு வில்லும் பதினாறு தந்தியும்

பிரேசர் டவுனில் வயலின் கற்கும் நம் பிள்ளைகள் இருவகையினர். ஒரு சாரார் சம்மணமிட்டு அமர்ந்து சரளி வரிசை வாசிப்பர். மற்றொரு சாரார் நின்றபடியே ஐந்து கோட்டுத் தாளைப் பார்த்து மேனாட்டு முறையில் வாசிப்பர். எதில் சேர்ப்பது என்று பெற்றோர் கேட்கின்றனர். ரயில்வே குமாஸ்தாவிடம் கேட்கத்தக்க கேள்வியன்று அது. ஆயினும் சென்னையில் நிகழ்ந்ததொன்றைச் சொல்கிறேன்.

1993-ஆம் ஆண்டில் வயலின் வித்வான் வி. எஸ். நரசிம்மன் 'மெட்ராஸ் ஸ்டிரிங் குவார்ட்டெட்' என்னும் குழுவை அமைத்தார். நால்வர் என்றதும் நமக்குத் தஞ்சை நால்வரின் நினைவு வரும். அவர்களுள் ஒருவரான வடிவேலு, வயலினைக் கருநாடக இசைக்கு உரியதாக்கியோருள் ஒருவராதலின் அந்நினைவும் பொருத்தமே. இங்கே நால்வரும் வில் பிடிப்பவர்கள்: இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செலோ. ஒவ்வொன்றிலும் நான்கு தந்திகள். மிருதங்கம் இல்லை, கைகாட்டி நடத்துபவரும் இல்லை.

இத்தகைய குழுவுக்கென மேனாட்டார் எழுதிய உருப்படிகள் ஏராளம். நரசிம்மனோ தியாகராஜர் கீர்த்தனைகளை எடுத்துக்கொண்டார். முதல் வயலின் கீர்த்தனையைக் கமகத்தோடு வாசிக்கும். மற்ற மூன்றும் தாளில் எழுதிவைத்த வேறு ஸ்வரங்களை உடன் ஒலிக்கும். இதனையே ஹார்மனி என்பர்.

ஆபத்தும் இங்கேதான். நம் சங்கீதம் ஒற்றை வழியில் செல்வது. ராகத்துக்குப் புறம்பான ஸ்வரம் ஒன்று நுழைந்தாலும் ராகம் போயிற்று. மோகனத்தை எண்ணிப் பாருங்கள். அதில் மத்யமமும் நிஷாதமும் கிடையா. மேனாட்டு முறைக்குத் தூண்களான ஸ்வரக் கூட்டுக்களுள் ஒன்று மத்யமத்தின்மேல் நிற்பது; மற்றொன்று நிஷாதம் இன்றி நிறைவுறாதது. வழக்கமான கூட்டுக்களை அப்படியே வைத்தால் மோகனம் மோகனமாயிராது. ஆகவே ராகத்தின் எல்லைக்குள் நின்றே துணை ஸ்வரங்களைத் தேர்ந்துகொள்ளுதல் நரசிம்மனின் வழி. மேலே ஒரு ஸ்வரம் கமகத்தில் அசையும்போது கீழே ஒன்று அசையாமல் நின்றால் இரண்டும் உரசும் என்பது வேறொரு தொல்லை.

இரண்டு முறையும் அறியாதவர் இதைச் செய்திருக்க இயலாது. அவர் தந்தையாரிடம் கருநாடக முறையையும், பின்னர் மேனாட்டு முறையையும் பயின்றவர். 1986-இல் வெளிவந்த இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்' இசைத்தட்டில் வயலின் வாசித்தவரும் அவரே. ஆதலின் வீட்டுச் சரளி வரிசையை முதலில் ஊன்றச் செய்யுங்கள். ஐந்து கோட்டுத் தாளைப் பகையாக எண்ணவேண்டுவதில்லை. விளம்ப காலத்தில் ஹார்மனி ராகத்தின்மேல் போர்வை போர்த்ததுபோல் எனக்குத் தோன்றுவதுண்டு. துரித காலத்தில் அக்குறை தெரிவதில்லை.

நிற்க. நம் மைசூர் மன்னர் ஜயசாமராஜ உடையார் 94 கருநாடகக் கீர்த்தனைகள் இயற்றியவர். 1950 மே 22 அன்று லண்டனில் ரிச்சர்டு ஸ்டிராஸின் கடைசி நான்கு பாடல்கள் அரங்கேறப் பொருளுதவி செய்தவரும் அவரே. அன்று அவை புத்தம் புதிய இசை. இயற்றியவர் மறைந்து ஓராண்டுகூட ஆகவில்லை.

சென்னைக் குழுவின் பதிவுகளைக் கைப்பேசியிலேயே கேட்கலாம். தெரிந்த கீர்த்தனை ஒன்றைத் தேர்ந்து, முதன்முறை முதல் வயலினைத் தொடருங்கள். மறுமுறை செலோவை மட்டும் கவனியுங்கள். பிள்ளைகளையும் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள்.