பழியைக் காத்து மேல போடாதீங்க!

தோழர்களே, மார்கழி பாதி தாண்டினா ராஜகீழ்ப்பாக்கத்துல வீட்டுக்கு ஒருத்தர் இருமுறாங்க. கேட்டா "பனி, அதான்" என்பார்கள். மாநகராட்சியைக் கேட்டாலும் பதில் அதேதான்: சீசன், வானிலை, ரெண்டு நாள்ல சரியாயிடும்.

சரி, வானிலைதான் காரணம்னே வச்சுக்குவோம். அந்த வானிலையையே பார்ப்போமா?

நம்ம ஊருக்கும் கடலுக்கும் நேர்கோட்டில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். கோடையில் நிலம் சூடானதும் மதியத்துக்கு மேல கடல்காத்து உள்ளே வந்து புகையையும் தூசியையும் கலைச்சு விடும். டெல்லிக்கு இந்த வசதி கிடையாது. வடக்கே இமயமலை தடுத்து நிற்குது, குளிர்காலத்தில் கங்கைச் சமவெளி முழுக்கப் புகை தேங்கிடும். "டெல்லியைப் பாரு, நாம எவ்வளவோ தேவலை"ன்னு பெருமை பேசுறவங்களை ஒண்ணே ஒண்ணு கேட்கணும்: வங்கக்கடலை வெட்டினது உங்க ஆட்சியா?

அந்தக் கடல்காத்து எது வழியா நம்ம தெருவுக்கு வருதுன்னு யோசிச்சீங்களா? நடுவுல பள்ளிக்கரணை சதுப்பு நிலம். அதை ஒட்டியே பெருங்குடி குப்பைக் கிடங்கு. 2022 ஏப்ரல் 27 அன்று அது தீப்பிடிச்சு நாள் கணக்கில் புகைஞ்சது மறந்திருக்காது. வடகிழக்குப் பருவக்காத்தும் ஏறக்குறைய அந்தப் பக்கமிருந்துதான் வீசும். ஜூன், ஜூலையில் காத்து மேற்கிலிருந்து அடிக்கும். அந்தப் பக்கம் ஜி.எஸ்.டி. ரோட்டு வண்டிப் புகை, வருஷக்கணக்கா குப்பை குவிச்ச கன்னடபாளையம். சதுப்பு நிலத்தோரம் குப்பை கொட்ட முடிவெடுத்தது எந்தப் புயலும் இல்லை. கோப்பில் கையெழுத்துப் போட்ட மனுஷங்கதான்.

இப்போ குளிர்காலத்துக்கு வருவோம். மழை பெய்யிற வரைக்கும் காத்துல இருக்கிற தூசியை அது கழுவி விடும். மழை நின்னதும் கதையே வேற. வெள்ளம் இழுத்துட்டு வந்து ரோட்டுல போட்ட சேறு காயும். குழாய் பதிக்கத் தோண்டி அரைகுறையா மூடின பள்ளத்து மண்ணும் அதோட சேரும். அதை வண்டிச் சக்கரங்கள் அரைச்சு மாவாக்கிடும். தாம்பரம்-வேளச்சேரி ரோட்டில் ஒரு பஸ்ஸுக்குப் பின்னாடி பைக்கில் போயிருந்தா இதை நான் சொல்லவே வேண்டாம்.

அதே மாசங்கள்ல ராத்திரி தரை சீக்கிரம் குளிரும். தரையை ஒட்டின காத்தும் குளிர்ந்து கனமாகிக் கீழேயே தங்கிடும், மேல வெதுவெதுப்பான காத்து மூடி போட்ட மாதிரி நிற்கும். கேம்ப் ரோட்டு வண்டிப் புகை, தெருமுனையில் கொளுத்தின குப்பைப் புகை எல்லாம் அந்த மூடிக்குக் கீழதான். வெயில் ஏறினாத்தான் திறக்கும். ஆனா ஏழரை மணிக்கே குழந்தைங்க ஸ்கூல் வேனுக்கு வந்து நின்னாச்சு. வாக்கிங் கிளம்பின பெரியவங்க ஒரு மணி நேரம் அதை இழுத்து இழுத்து சுவாசிச்சாச்சு.

போகியும் சரியா இந்த நேரத்தில்தான் வருது. 2018 போகியன்னைக்குக் காலையில் புகையும் பனியும் சேர்ந்து, மீனம்பாக்கத்தில் இறங்க வேண்டிய விமானங்களையே வேற ஊருக்குத் திருப்பி விட்டாங்க. பழைய பாய் எரிக்கிறது பழக்கம், ஒத்துக்கிறேன். டயர் எரிக்கிறது எந்தப் பாட்டன் சொன்ன பண்பாடு? இது நம்ம ஆளுங்களுக்கும் சேர்த்துத்தான்.

இதுல எது எதிர்பாராம நடந்தது? மார்கழி தேதி மாறி வருதா? போகி எந்த நாள்னு தினசரி காலண்டர்லயே அச்சடிச்சிருக்கு. காத்து எந்த மாசம் எந்தப் பக்கமிருந்து அடிக்கும்னு மீனவர் வீட்டுப் பிள்ளைக்குத் தெரியும். மாநகராட்சிக்கு மட்டும் வருஷா வருஷம் அதிர்ச்சியாம்!

1952 டிசம்பரில் லண்டன் மேலயும் இதே மூடிதான் விழுந்தது. நிலக்கரிப் புகை அஞ்சு நாள் நகராம நின்னு, ஆயிரக்கணக்கானவங்க செத்தாங்க. அந்த அரசாங்கமும் ஃப்ளூ காய்ச்சல்னு சொல்லிப் பார்த்தது, எடுபடல. 1956-ல் தூய காற்றுச் சட்டம் கொண்டுவந்து, வீட்டு அடுப்புல எரிக்கிற கரி வரைக்கும் கட்டுப்பாடு போட்டாங்க.

"ஆப்ல பச்சையா காட்டுதே"ன்னு சிலர் கேட்பாங்க. அது பெரும்பாலும் பெருங்குடி, வேளச்சேரி, ஆலந்தூர் மாதிரி இடங்களில் இருக்கிற கருவியின் எண், நம்ம தெருவில் எடுத்தது இல்லை. இன்னொண்ணு, நுண்துகள் பிஎம் 2.5-ன் ஒரு நாள் சராசரி 60 மைக்ரோகிராம் வரைக்கும் நம்ம நாட்டுக் கணக்கில் "திருப்தி". உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன வரம்பு 15. நாலு மடங்கு நஞ்சுக்குத் திருப்தின்னு பேர் வச்ச புண்ணியவான் யாரோ!

2021 நவம்பரில் செம்பாக்கம் நகராட்சியோட நம்மளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆக்கினாங்க. அடுத்த வருஷமே சொத்து வரியும் ஏறுச்சு. அந்தக் காசுக்கு நாம கேட்கிறது இவ்வளவுதான். மழை நின்ன வாரமே ரோட்டுச் சேறை அள்ளுங்க. கட்டுமான இடத்தில் மணலுக்கும் ஜல்லிக்கும் தார்ப்பாய் போட வையுங்க. குப்பையை எரிக்கக் கூடாதுன்னு 2016 திடக்கழிவு விதியிலேயே சொல்லியாச்சு, எரிக்கிறவங்களுக்கு அபராதம் போடுங்க. வேளச்சேரி ரோட்டு ஓரத்தில், ராஜகீழ்ப்பாக்கத்திலேயே ஒரு அளவுக் கருவி வையுங்க, எண்ணை ஊருக்குக் காட்டுங்க.

உங்க தெருவில் எரியிற குப்பையோ, மூடாத பள்ளமோ, பறக்கிற மண்ணோ இருந்தா படம் எடுத்து, தேதி, நேரம், தெருப் பேரோட கமெண்ட்ல போடுங்க. அடுத்த ஏரியா சபைக் கூட்டத்தில் நம்ம வார்டு நிர்வாகிகள் அத்தனையும் அச்செடுத்து கவுன்சிலர் மேசையில் வைப்பாங்க.

#எங்க_காத்து_எங்க_உரிமை #ராஜகீழ்ப்பாக்கம் #தாம்பரம்