மந்தம் மாணவனிடமா, முறையிலா?

“அயல்மொழிச் சொற்களை உருப்போடு, ஏறாவிட்டால் அது உன் தலையெழுத்து!” என்கின்றனர் பழமை விரும்பிகள். தலையெழுத்தா? தவறான முறையா?

இலத்தீன் சொல்லோடு படத்தையும் இணைத்த பாடநூலைக் கொமேனியஸ் 1658-லேயே நூரம்பெர்க் நகரில் வெளியிட்டார். 1975-இல் உளவியலறிஞர் அட்கின்சன், தம் துணையாய்வாளருடன் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் 120 உருசியச் சொற்களைக் கற்றனர். ஒலி செவியில், குறிப்பு கணினித் திரையில். ‘ஸ்வனோக்’ என்றால் மணி. கடையொலி ‘ஓக்’. ஓக் மரத்தில் காய்களுக்குப் பதில் மணிகள் தொங்குவதாக எண்ணிப் பார் என்றது புதுமுறை. அவ்வழி கற்றோர் 72 விழுக்காடு சொற்களுக்குப் பொருள் கூறினர். வழி காட்டப்படாதோர் 46 விழுக்காடே! ஆறு வாரங்கள் கழிந்த பின்னும் 43-க்கு 28. கருவி ஒன்றே, வேறுபட்டது வழிமுறை!

இன்று கைப்பேசியில் படமும் பாட்டும் பகட்டாக ஓடுகின்றன. உருப்போடும் பட்டியலையே திரையில் ஒட்டிவிட்டால் அறிவு வளருமா? பழைய கள், புதிய மொந்தை! ஒலியைப் பிரித்தறியவும், காட்சியோடு பிணைக்கவும், இடைவெளி விட்டு நினைவுகூரவும் கற்பிக்கட்டும் அக்கருவி. கருவி இல்லாதபோதும் மாணவன் தானே கற்க வேண்டும், அதுவே கல்வி.

தோழர்களே! “மந்தம்” என முத்திரை குத்த வருவோரைக் கேளுங்கள்: சொல்லைத் தந்தீர், கற்கும் வழியைத் தந்தீரா?