மாத்திரையும் அளவும்

‘மாத்திரை’ என்ற சொல்லை நாம் வகுப்பறையில் இலக்கணத்தோடுதான் தொடங்குகிறோம். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. அளவு என்பதே அச்சொல்லின் அடிப்படைப் பொருள். விழுங்கும் வில்லைக்கும் அப்பெயரே அமைந்தது பொருத்தம்தான். அளவை நீக்கிவிட்டால் மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையே சுவர் கிடையாது. திருப்பூரில் நாம் அன்றாடம் காண்பது அளவை இழந்த மாத்திரைகளை.

பனியன் கம்பெனிகளில் ஒன்றரை ஷிப்ட் பார்ப்பது இங்கே புதுமையல்ல. பவர் டேபிளில் குனிந்த முதுகுக்கும், செக்கிங்கில் நாள் முழுதும் நின்ற காலுக்கும் வலி உண்டு. மருந்துக்கடையில் ‘உடம்பு வலி’ என்றால் இரண்டு மூன்று மாத்திரைகளைக் கத்தரித்துத் தருகிறார்கள். பெயர் அச்சிட்ட அட்டைப்பகுதி கடையிலேயே தங்கிவிடுகிறது. டைக்ளோஃபினாக் மாத்திரை, மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத ‘எச்’ அட்டவணையைச் சேர்ந்தது. அந்த விதியை நினைவில் வைத்திருப்பவர் மருந்துக்கும் இல்லை.

தமிழக ஆடைத் தொழிலில் பணிபுரியும் ஏறத்தாழ நூறு பெண்களிடம் பேசி, தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை 2019இல் ஒரு செய்தி வெளியிட்டது. மாதவிடாய் வலிக்குப் பெயரற்ற மாத்திரைகள் பணியிடத்திலேயே தங்களுக்குத் தரப்பட்டதாக அவர்கள் அனைவரும் கூறினர். என்ன மருந்து, என்ன பின்விளைவு என்று பெரும்பாலோருக்கு யாரும் சொல்லவில்லை. அந்தச் செய்தி இதயத்தைப் பற்றிப் பேசவில்லை. நாம் பேச விரும்புவது அதைத்தான்.

வழக்கமான மருந்துகள் இதயத்தசையைக் கெடுக்குமா? சில மருந்துகள் நேரடியாகவே கெடுக்கும். புற்றுநோய்க்கான டாக்சோரூபிசின் இதற்குப் பெயர்போனது. மனநோய்க்குத் தரப்படும் குளோசபின் அரிதாகவும், ஆண்டுக்கணக்கில் உண்ணும் குளோரோகுயின் மிக அரிதாகவும் தசையைத் தாக்குவதுண்டு. வலிநிவாரணிகளின் வழி வேறு. சிறுநீரகத்தின் இரத்தக்குழாய்களைத் திறந்துவைக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளின் உற்பத்தியை அவை தடுக்கின்றன. உப்பும் நீரும் உடலில் தேங்குகின்றன. இரத்த அழுத்தம் ஏறுகிறது. அழுத்தத்துக்கு உண்ணும் மருந்தின் பலனும் குறைகிறது. முன்னரே தளர்ந்திருக்கும் இதயத்தின் மேல் மேலும் ஒரு மூட்டையை ஏற்றுவதுபோல. அமெரிக்க இதயச் சங்கம் 2016இல் வெளியிட்ட, இதயச் செயலிழப்பை உண்டாக்கவோ மிகுவிக்கவோ கூடிய மருந்துகளின் பட்டியலில் இவையும் உள்ளன. ரோஃபெகாக்சிப் என்ற வலிநிவாரணி மாரடைப்பைக் கூட்டுகிறது என்றறிந்து 2004இல் உலகச் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது.

தளர்ந்த இதயம் தரும் முதல் அடையாளங்கள் கால்வீக்கம், மூச்சிரைப்பு, அசதி. நம் ஊரில் இவை மூன்றுக்கும் ஏற்கெனவே விளக்கம் தயாராக உள்ளது. கால்வீக்கமா, நின்று வேலை பார்த்ததால். மூச்சிரைப்பா, பஞ்சுத் தூசியால். அசதியா, ஷிப்டால். ஆகவே வீங்கிய காலுக்கும் இன்னொரு வலி மாத்திரையே தீர்வாகிறது. நோயை வளர்ப்பதையே நோய்க்கு மருந்தாக உண்ணும் இந்தச் சுழல்தான் நம்மை அச்சுறுத்துகிறது.

மாத்திரை என்றாலே ஒதுங்கவேண்டும் என்று நாம் வாதிடவில்லை. வேறு நோயற்ற ஒருவர், பெயரும் அளவும் அறிந்து, மாதத்தில் ஓரிரு நாள் வலிக்கு மருந்துண்பதால் பெரும்பாலும் தீங்கில்லை. மருத்துவர் எழுதித் தந்த மருந்தை அச்சத்தால் தாமே நிறுத்துவதுதான் பெருந்தீங்கு.

டாக்சோரூபிசினையே எடுத்துக்கொள்வோம். உடற்பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் வாழ்நாள் முழுமைக்கும் ஏறத்தாழ 450 முதல் 550 மில்லிகிராம் என்று வரம்பு வைத்து, எக்கோ எடுத்துப் பார்த்துப் பார்த்துத்தான் அதைச் செலுத்துகிறார்கள். கொடிய மருந்து கணக்கோடு தரப்படுகிறது; எளிய மருந்துக்குக் கணக்கே இல்லை. எளியது என்று நாம் நம்புவதே அதன் வலிமை.

நாம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கம்பெனியில் தரும் ஒவ்வொரு மாத்திரையும் பெயருள்ள உறையோடு, தகுதியுள்ளவர் கையால் தரப்படட்டும். தந்தது ஒரு பதிவேட்டில் ஏறட்டும். கடைக்காரர் பெயர் தெரியும்படி அட்டையை வெட்டட்டும். கால் வீங்கியவர்க்கு முதலில் இரத்த அழுத்தம் பார்க்கப்படட்டும். ஏற்றுமதியாகும் ஒவ்வொரு பனியனின் கழுத்திலும் அளவு, நூல், துவைக்கும் முறை அனைத்தும் அச்சிட்ட லேபிளைத் தைத்து அனுப்புகிறது இவ்வூர். அந்த லேபிளைத் தைக்கும் பெண் விழுங்கும் மாத்திரைக்கும் ஒரு லேபிள் வேண்டும் என்பது பேராசையன்று.