முகவரியை முதலில் முடிவு செய்யுங்கள்

2012 தொடக்கத்தில் கூகுள் நிறுவனம் தன் வலைப்பதிவுச் சேவையான பிளாக்கரில் ஒரு மாற்றம் செய்தது. ‘பிளாக்ஸ்பாட்.காம்’ என்று முடியும் முகவரிகள், இந்தியாவிலிருந்து வாசிப்பவர்களுக்கு ‘பிளாக்ஸ்பாட்.இன்’ என்று மாறித் தெரிந்தன. முகநூலில் பகிர்ந்தவர்கள், விக்கிப்பீடியாவில் சான்று காட்டியவர்கள், அச்சுப் புத்தகத்தில் அடிக்குறிப்புப் போட்டவர்கள் எல்லோரும் உலாவியில் கண்ட முகவரியை அப்படியே எடுத்து ஒட்டினார்கள். 2020இல் அந்த ‘இன்’ முகவரி கூகுளின் கையை விட்டுப் போய் வேறொருவருக்குச் சொந்தமானது. பதிவுகள் ‘காம்’ முகவரியில் பத்திரமாகத்தான் இருந்தன. ஆனால், ‘இன்’ முகவரிக்கு மற்றவர்கள் போட்டு வைத்திருந்த இணைப்புகள் செத்துப்போயின. எழுதியவர்களுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. அவர்களிடம் யாரும் கேட்கவும் இல்லை.

வலைப்பதிவை ஸ்டேட்டிக் தளமாக மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்கும் தமிழ் எழுத்தாளர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். வேகம், பாதுகாப்பு என்று மென்பொருள்காரர்கள் அடுக்கும் காரணங்கள் பொய்யில்லை. ஆனால், கட்டுரை எழுதுபவருக்கு அவை இரண்டாம்பட்சம். எழுத்து தன் கணினியில் கோப்பாக இருக்க வேண்டும், அதற்குப் போகும் முகவரி தன் பெயரில் இருக்க வேண்டும். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

முறை எளியது. ஒவ்வொரு பதிவும் ஒரு சாதாரண உரைக் கோப்பு. பெரும்பாலும் ஜான் குரூபர் 2004இல் வெளியிட்ட மார்க்டவுன் வடிவில் இருக்கும். ஜெக்கில், ஹ்யூகோ, இலெவன்ட்டி போன்ற ஒரு நிரல் அத்தனை கோப்புகளையும் படித்து, வார்ப்புருவில் ஊற்றி, முழு இணையதளத்தையும் எச்டிஎம்எல் பக்கங்களாக ஒரே மூச்சில் எழுதிக் கொடுத்துவிடும். அந்தப் பக்கங்களை ஒரு வழங்கியில் ஏற்றினால் வேலை முடிந்தது. தரவுத்தளம் கிடையாது. இதைப் புதுமை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2001இல் வந்த மூவபிள் டைப் இப்படித்தான் பக்கங்களை எழுதி வைத்தது. பிளாக்கரேகூட 2010 மே மாதம் வரை, விரும்பியவர்களுக்குப் பக்கங்களைத் தயாரித்து அவர்களுடைய சொந்த வழங்கிக்கு எஃப்டிபி என்ற கோப்புப் பரிமாற்ற முறை வழியாக அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. அந்த வசதியை நிறுத்தியபோது எழுத்து எழுதியவர் கையிலிருந்து நிறுவனத்தின் கைக்குப் போனது. அதற்கு ஒன்றரை ஆண்டுக்கு முன்பே, 2008இல், கிட்ஹப் நிறுவனர்களில் ஒருவரான டாம் பிரஸ்டன்-வெர்னர் ஜெக்கிலை எழுதிவிட்டார். 2013இல் ஸ்டீவ் பிரான்சியாவின் ஹ்யூகோ வந்தது.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் மாதக்கணக்கில் மூழ்குபவர்கள் உண்டு. நான் ஹ்யூகோவைச் சொல்வேன். அது ஒற்றை நிரல் கோப்பு. ரூபி, நோட் போன்ற துணை மென்பொருள் எதையும் கணினியில் நிறுவ வேண்டியதில்லை. கணினியைத் தொழிலாகக் கொள்ளாதவருக்கு இதைவிடப் பெரிய சலுகை இல்லை. ஜெக்கில் தெரிந்தவர் அதிலேயே இருக்கலாம், குடி முழுகிவிடாது.

இனி, தளத்தின் முகவரி, மொழி போன்றவற்றை நிரலுக்குச் சொல்லும் அமைப்புக் கோப்புக்கு வருவோம். இந்த நிரல்களின் இயல்பு அமைப்புகள் ஆங்கிலத்தில் எழுதுபவர்களை மனத்தில் வைத்து வைக்கப்பட்டவை. தமிழுக்கு அவை எங்கெல்லாம் இடறும் என்று தெரிந்துகொண்டால், திருத்த வேண்டியவை ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும்.

முதலில் முகவரி. தளத்தின் அடிப்படை முகவரி என்ற இடத்தில் உங்கள் சொந்த டொமைனை எழுதுங்கள். ஆண்டுக்கு ஆயிரம் ரூபாயை ஒட்டிய செலவு. கிட்ஹப் போன்றவை கொடுக்கும் இலவசத் துணைமுகவரியில் நிற்பது, பிளாக்ஸ்பாட்டிலிருந்து தப்பி இன்னொரு பிளாக்ஸ்பாட்டுக்குள் போவதுதான்.

அடுத்து, ஒவ்வொரு பதிவுக்குமான முகவரி. இங்கேதான் தமிழ்த் தளங்கள் அதிகம் அடிபடுகின்றன. தலைப்பை வைத்தே முகவரியை உருவாக்குவது இந்த நிரல்களின் வழக்கம். ‘தமிழ்’ என்ற சொல் நம் கண்ணுக்கு மூன்றெழுத்து. யூனிகோடில் அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். முகவரியாக நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு மூன்று எழுத்தாக விரியும். ஆக, ஒரு சின்னச் சொல்லுக்கு 45 எழுத்து. பத்துச் சொல்லில் தலைப்பு வைப்பவரின் முகவரி எப்படியிருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கோப்பின் பெயரையும் தமிழில் வைத்தால் இன்னொரு சுவர் உண்டு: லினக்ஸ் கணினிகளில் ஒரு கோப்புப் பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது, தமிழில் 85 குறியீடுகளோடு அது தீர்ந்துவிடும். சில கருவிகள் இன்னும் மோசம். பைத்தான் நிரல்மொழியோடு வரும், எழுத்து வடிவங்களைத் தேடும் ரீஜெக்ஸ் நூலகத்தின் ‘சொல் எழுத்து’ என்ற வகைக்குள் புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் சேர்வதில்லை. அதை நம்பி எழுதப்பட்ட நிரல், ‘தமிழ்’ என்பதைத் ‘தமழ’ ஆக்கிவிடும்.

தமிழிலேயே முகவரி இருக்க வேண்டும் என்பவர்களின் உணர்வை மதிக்கிறேன், உடன்படவில்லை. முகவரி வாசிப்பதற்கானது அல்ல, போய்ச் சேர்வதற்கானது. ஆண்டு, பிறகு ஆங்கில எழுத்தில் ஒன்றிரண்டு சொல் என்று, பதிவுக் கோப்பின் தொடக்கத்தில் தலைப்பு, நாள் போன்றவற்றைக் குறிக்கும் தலைப்பகுதியில் நீங்களே எழுதிவிடுங்கள். ஒருமுறை வைத்தபின் தலைப்பு மாறினாலும் அதைத் தொடாதீர்கள்.

பிளாக்கரிலிருந்து வருபவர்களுக்குப் பழைய முகவரி என்ற சுமையும் உண்டு. தமிழ்த் தலைப்பைப் பிளாக்கருக்கு முகவரியாக்கத் தெரியாததால், நம்முடைய நல்ல கட்டுரைகள் பலவும் ‘பிளாக்-போஸ்ட்_15’ என்பது போன்ற பெயர்களில் கிடக்கின்றன. பிளாக்கரில் இருந்தபோதே சொந்த டொமைனை இணைத்திருந்தவர்கள் பாக்கியசாலிகள். ஹ்யூகோவில் ஒவ்வொரு பதிவின் தலைப்பகுதியிலும் ‘ஏலியாஸ்’ என்று பழைய பாதையை எழுதினால், அங்கே வருபவர் புதிய இடத்துக்கு அனுப்பப்படுவார். ஜெக்கிலுக்கும் இதற்கென ஒரு செருகுநிரல் உண்டு. நூற்றுக்கணக்கான பதிவுகளுக்கு இதைச் செய்வது அலுப்பான வேலைதான். தளத்தின் நிறத்துக்குச் செலவழிக்கும் நேரத்தை இதற்குக் கொடுக்கலாம்.

கவிதை எழுதுபவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. மார்க்டவுனில் வரியை முறித்து அடுத்த வரிக்குப் போனால், அது முறிவாகக் கொள்ளப்படாது; வரிகளெல்லாம் சேர்ந்து ஒரே பத்தியாக வந்து நிற்கும். அழகுக்காக நான்கு இடைவெளி உள்தள்ளி எழுதினாலோ, அதை நிரல்வரி என்று எண்ணிச் சாம்பல் நிறப் பெட்டிக்குள் அடைத்துவிடும். ஹ்யூகோவின் மார்க்டவுன் அமைப்பில் ‘ஹார்டு ராப்ஸ்’ என்பதை இயக்கினால் வரி வரியாகவே நிற்கும். அதே இடத்தில் ‘அன்சேஃப்’ என்று மிரட்டும் பெயரில் ஓர் அமைப்பு இருக்கிறது. பிளாக்கரிலிருந்து எச்டிஎம்எல்லாகவே கொண்டுவந்த பழைய பதிவுகள் வெற்றுப் பக்கமாகத் தெரிந்தால், காரணம் அது இயக்கப்படாததுதான். உங்கள் எழுத்தை நீங்களே ஏற்றும் தளத்தில் அதை இயக்குவதால் ஆபத்தில்லை.

நேரம் இன்னொரு கண்ணி. காலை ஐந்து மணிக்கு எழுதி முடித்து, அந்த நேரத்தையே பதிவில் குறித்து ஏற்றுகிறீர்கள். தளத்தில் பதிவைக் காணோம். நேர வலயம் சொல்லப்படாவிட்டால் ஹ்யூகோ அதை உலகப் பொது நேரமாக எடுத்துக்கொள்கிறது. நம் கணக்கில் அது காலை பத்தரை. எதிர்கால நாளிட்ட பதிவுகளை வெளியிடாமல் விடுவது அதன் இயல்பு. ‘ஆசியா/கொல்கத்தா’, இலங்கையில் இருப்பவர் ‘ஆசியா/கொழும்பு’ என்று அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது. அதற்கும் சரியாகவில்லை என்றால், பதிவு இன்னும் ‘டிராஃப்ட்’ நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். தலைப்பில் முக்காற்புள்ளி வைத்து அதை மேற்கோள் குறிக்குள் அடைக்காமல் விட்டாலும் தளம் உருவாகாமல் நின்றுவிடும். நம் விமர்சகர்களுக்கோ முக்காற்புள்ளி இல்லாமல் தலைப்பு வைக்க வராது.

மொழிக் குறியீட்டைப் பலரும் அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். ஹ்யூகோ உருவாக்கித் தரும் முதல் அமைப்புக் கோப்பு, தளத்தின் மொழி அமெரிக்க ஆங்கிலம் என்று சொல்லிக்கொண்டு வரும். கண்ணால் பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. திரைவாசிப்பான் வழியாகக் கேட்கும் பார்வையற்ற வாசகருக்கு, எந்த மொழியின் குரலில் படிப்பது என்பதை அந்தக் குறியீடு சொல்கிறது. தமிழ் என்று மாற்றுவதற்கு இரண்டு எழுத்துப் போதும். ‘கட்டுரை’ என்று பிரிவுக்குப் பெயர் வைத்தால் அதன் கடைசியில் ஆங்கில ‘எஸ்’ ஒட்டிப் பன்மையாக்கும் வழக்கமும் ஹ்யூகோவுக்கு உண்டு, அதையும் நிறுத்திவிடுங்கள்.

குறிச்சொற்களில் கண்ணுக்குத் தெரியாத சிக்கல் ஒன்று இருக்கிறது. ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. நிரலுக்கு வேறு வேறு. விசைப்பலகையை மாற்றியவர்களின் தளத்தில் ‘பொது’ என்று இரண்டு குறிச்சொற்கள் அருகருகே நிற்பது இதனால்தான்.

தளத்துக்கு வராமலேயே புதிய பதிவுகளை வாசகருக்கு எட்டவைக்கும் செய்தியோடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2004இல் தொடங்கிய தமிழ்மணம் போன்ற திரட்டிகள் ஓடையை நம்பித்தான் வலைப்பதிவர்களை ஒருவருக்கொருவர் அறிமுகப்படுத்தின. ஹ்யூகோ தானாக உருவாக்கும் ஓடையில் பதிவின் சுருக்கம் மட்டுமே போகும். முழுப் பதிவையும் அனுப்பும்படி மாற்றுங்கள். தளத்துக்கு வந்து படிக்கட்டும் என்று பாதியில் நிறுத்துவது, ஓடை வழியாகப் படிக்கும் பழைய வாசகரை விரட்டுவதற்குச் சமம்.

‘வாசிக்கும் நேரம்: 4 நிமிடம்’ என்று காட்டும் அலங்காரத்தை எடுத்துவிடலாம். நிமிடத்துக்கு 213 சொல் என்ற கணக்கில் ஹ்யூகோ அதைச் சொல்கிறது. ஆங்கிலத்தில் நான்கு சொல்லாக வருவதை ஒரே சொல்லாகக் கோத்து எழுதும் மொழிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. தீம், எழுத்துரு, இருள் நிறம் போன்றவற்றில் என் யோசனை சுருக்கமானது: வரி இடைவெளியைச் சற்றுக் கூட்டுங்கள், பத்தியை இருபுறமும் சமமாக்காதீர்கள். நீண்ட தமிழ்ச் சொற்களுக்கிடையில் பள்ளம் பள்ளமாக வெள்ளை விழும். மிச்சத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மேல் இழுக்க வேண்டாம். தளத்தை மூன்று முறை மாற்றி அமைத்து, ‘வணக்கம், புதிய தளம்’ என்ற பதிவோடு நின்றுபோனவர்கள் ஏராளம்.

இந்த முறை எல்லோருக்கும் ஏற்றதும் அல்ல. கைப்பேசியிலேயே எழுதி அங்கிருந்தே வெளியிடுபவர்கள் நம்மில் அதிகம். அவர்களுக்குக் கோப்பு, கட்டளை வரி என்பதெல்லாம் வதை. மறுமொழிகளே உயிர் என்று நினைப்பவருக்கும் ஸ்டேட்டிக் தளம் ஒத்துவராது; அதற்கு வெளிச்சேவை ஒன்றை ஒட்டவைக்க வேண்டும், அது மறுபடியும் இன்னொரு நிறுவனத்தின் தயவு. இவர்கள் பிளாக்கரிலேயே இருக்கட்டும். ஆனால் சொந்த டொமைனை இணைத்துக்கொள்ளட்டும். பிளாக்கர் அதற்குத் தனிக் கட்டணம் கேட்பதில்லை. நாளை மனம் மாறினாலும் முகவரி உங்களோடு வரும்.

இடம் மாறினாலும் மாறாவிட்டாலும் இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பிளாக்கரின் அமைப்புகள் பக்கத்துக்குப் போய் உங்கள் பதிவுகளின் காப்புப் பிரதியை இறக்கி வையுங்கள். சில நிமிட வேலை. வரும் பதிவுக் கோப்பில் எழுத்து மட்டுமே இருக்கும். படங்கள் கூகுளின் வழங்கியிலேயே தங்கிவிடும். அவற்றைத் தனியே இறக்க மறக்காதீர்கள்.

- கட்டுரையாளர், மென்பொருள் பொறியாளர்.