இதழுக்கும் பாயிரம் உண்டு

நூலுக்குப் பாயிரம் இன்றியமையாதது என்பது நம் இலக்கண மரபு. நூற்பெயர், நுதலிய பொருள், கேட்போர், பயன் முதலாகிய எட்டினையும் அது உணர்த்த வேண்டும் என்பார் நன்னூலார். இக்கால வார, மாத இதழ்களுக்கு அத்தகு பாயிரமாய் அமைவது முகப்பு அட்டையே எனலாம். ஆயினும், உள்ளிருக்கும் கதையையும் கவிதையையும் ஆராயும் நாம், அட்டையைப் புரட்டிவிட்டுச் சென்றுவிடுகிறோம். அதனையும் ஒரு பனுவலாகக் கற்றல் வேண்டும் என்பதே நம் கருத்து.

அட்டைக்கும் இலக்கணம் உண்டு. சிறுவாச்சூர் போன்ற நெடுஞ்சாலை ஊர்களின் பெட்டிக்கடைகளில் இதழ்களைக் கயிற்றில் நெருக்கித் தொங்கவிடுவது நெடுநாளைய வழக்கம். பேருந்துக்குக் காத்திருப்போர் அவற்றை நோக்குவதோ சில நொடிகளே. மேற்பகுதி மட்டுமே கண்ணிற்படும் என்பதால் இதழின் பெயர் உச்சியில் நிற்கிறது. படத்திலுள்ள முகம் வாங்குவோரை நேர்கொண்டு நோக்குகிறது. விலையும் நாளும் மூலையில் ஒடுங்கிக் கொள்கின்றன.

இவ்விலக்கணம் விற்பனைக்குரியது, அதில் குற்றமில்லை. ஆனால் அதுவே வாய்பாடாகிவிடும்போது சிந்தனை தேய்கிறது. வாரந்தோறும் ஒரு நடிகையின் முகம்; பொங்கலுக்குக் கரும்பும் பானையும்; நோன்புப் பெருநாளுக்குத் தொப்பியணிந்த சிறுவர் தழுவும் காட்சி! சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் விளைவிக்கும் நம் வட்டார உழவரின் கடன் சுமையும், பட்டம் பெற்றும் பணி பெறாத நம் இளைஞரின் ஏக்கமும் அட்டைக்கு வருவது அரிது. 'கேட்போர்' யாவர் என்பதை அட்டையே தீர்மானித்துவிடுகிறது.

அட்டை வெறும் அணிகலன் அன்று என்பதற்கு நம் இதழியல் வரலாறே சான்று. 1970-இல் 'துக்ளக்' முதல் இதழ், இரு கழுதைகள் உரையாடும் அட்டையோடு வெளிவந்தது. 1987-இல் 'ஆனந்த விகடன்' அட்டையில் ஒரு நகைச்சுவைத் துணுக்கு வந்தது. மேடையில் இருப்போருள் சட்டமன்ற உறுப்பினர் யார், அமைச்சர் யார் என்னும் வினாவுக்கு, திருடரோடு ஒப்பிட்டு விடை கூறிய துணுக்கு அது. அதன்பொருட்டு ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குத் தமிழகச் சட்டமன்றம் மூன்று திங்கள் கடுங்காவல் விதித்தது. எதிர்ப்பு வலுக்கவே, சில நாள்களில் அவர் விடுவிக்கப்பட்டார். 1994-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்கு 1,000 ரூபாய் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது.

2025 பிப்ரவரியில், 'விகடன் பிளஸ்' மின்னிதழ் அட்டையில் இந்தியப் பிரதமரையும் அமெரிக்க அதிபரையும் வரைந்த கேலிச்சித்திரத்தையொட்டி, விகடன் இணையதளம் முடக்கப்பட்டது. அச்சித்திரத்தைத் தற்காலிகமாக நீக்கியபின் முடக்கத்தை விலக்குமாறு மார்ச்சில் உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. அச்சித்திரங்கள் ஏற்புடையனவா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஓர் அட்டை அவையையே அசைக்க வல்லது என்பதில் ஐயமில்லை.

எனவே இதழியல் பாடத்தில் அட்டை ஆய்வுக்கும் இடமளித்தல் வேண்டும். எவர் முகம் இடம்பெற்றது, எவர் முகம் விடுபட்டது, எச்செய்தி பெரிய எழுத்தில் வந்தது என மாணவர் வினவப் பழக வேண்டும். அவ்வினா நம்மிடமிருந்தே தொடங்கட்டும். கல்லூரி மலர்களின் அட்டை பெரும்பாலும் கட்டடத்தின் நிழற்படமாகவே அமைகிறது. கட்டடம் வேண்டியதே, ஆனால் அதனுள் பயில்வோரின் கனவன்றோ மலரின் நுதலிய பொருள்? அடுத்த மலரின் அட்டையை மாணவரே வரையட்டும். ஆசிரியப் பெருமக்களும் சமுதாயப் பெரியோரும் இதற்கு இசைவு தருவார்களாக!