அனுமதிக்குக் காத்திருக்கும் இரத்தம்



2021 டிசம்பர் 4 மாலை, நாகாலாந்தின் மோன் மாவட்டத்தில், நிலக்கரிச் சுரங்க வேலை முடித்து ஓட்டிங் கிராமத்துக்கு வண்டியில் திரும்பிய தொழிலாளர்களை இராணுவத்தின் 21-ஆவது பாரா சிறப்புப் படையினர் சுட்டனர். 6 பேர் மாண்டனர். தேடி வந்த ஊராருடன் மோதல் மூண்டது. ஒரு படைவீரரும் இறந்தார். அன்றிரவு மட்டும் உயிரிழந்த பொதுமக்கள் 13 பேர்.

தீவிரவாதிகள் எனத் தவறாக எண்ணிவிட்டார்கள் என்றது அரசு. மாநிலக் காவல்துறையின் சிறப்புப் புலனாய்வுக் குழுவோ, ஆள் யாரென உறுதி செய்யாமலேயே சுட்டார்கள் என்று கண்டு, ஒரு மேஜர் உட்பட 30 பேர் மீது 2022-இல் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது.

அத்தோடு சரி. 1958-ஆம் ஆண்டின் ஆயுதப் படைகள் சிறப்பு அதிகாரச் சட்டம், பிரிவு 6: ஒன்றிய அரசு அனுமதித்தால்தான் வழக்கு. 2023-இல் அனுமதி மறுக்கப்பட்டது. 2024 செப்டம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் அவ்வழக்கை முடித்து வைத்தது; அனுமதி கிடைத்தால் தொடரலாமாம்!

உயிரைப் பணயம் வைக்கும் வீரனைக் கூண்டில் ஏற்றலாமா என்பார்கள். குற்றமற்ற வீரன் தன் பழியைத் துடைக்கும் இடமும் அந்தக் கூண்டுதானே?

மக்கா வெற்றிக்குப் பின், பனூ ஜதீமா குலத்தார் இஸ்லாத்தை ஏற்றதைச் சரியான சொல்லால் சொல்லத் தெரியாமல் தடுமாறினர். காலித் பின் வலீத் (ரலி) அதைத் தவறாகப் புரிந்து, கைதிகளைக் கொல்ல ஆணையிட்டார். இப்னு உமர் (ரலி) அந்த ஆணைக்கு இணங்கவில்லை. செய்தி எட்டியதும் நபி (ஸல்) அவர்கள் கைகளை உயர்த்தி, காலிதின் செயலுக்குத் தாம் பொறுப்பல்லர் என இறைவனிடம் இருமுறை முறையிட்டார்கள். அலீ (ரலி) அவர்களை அனுப்பி இரத்த ஈட்டுத்தொகையும் கொடுக்கச் செய்தார்கள். காலித் (ரலி) அதன்பின்னும் தளபதியாக இருந்தார், உண்மைதான். ஆனால் அவருடைய வீரம் அந்தத் தவற்றை மூடிமறைக்கும் போர்வை ஆகவில்லை.

2000-இல் காஷ்மீரின் பத்ரிபாலில் 5 பேர் கொல்லப்பட்டது போலி மோதல் என்றது சி.பி.ஐ. 2014-இல் இராணுவமே அவ்வழக்கை மூடியது. பத்ரிபாலைப் பேசும் நம் மேடைகள் ஓட்டிங்கைப் பேசுவதில்லை. மாண்டவர்கள் கொன்யாக் நாகர்கள், கிறிஸ்தவர்கள் என்பதாலா? அப்படியென்றால் நாம் கேட்பது நீதியன்று, வெறும் இனப்பற்று.

ராயகிரிக்கு வாக்குக் கேட்டு வரும் தென்காசித் தொகுதி வேட்பாளர்களிடம், சாலை, குடிநீருடன் பிரிவு 6 பற்றியும் கேளுங்கள்.