‘எரா’வும் ‘ஃபுவே’யும்: ஓர் ‘இருந்தார்’ போதுமா?

இரண்டு வாக்கியங்களைப் பார்ப்போம். “1950இல் நல்லம்பள்ளி சேலம் மாவட்டத்தில் இருந்தது.” “1965 வரை நல்லம்பள்ளி சேலம் மாவட்டத்தில் இருந்தது.” தர்மபுரி மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்தது 1965 அக்டோபர் 2 அன்று என்பதால் இரண்டுமே உண்மை. தமிழில் இரண்டுக்கும் வினைமுற்று ஒன்றுதான். ஸ்பானிய மொழியில் எழுதினால் முதல் வாக்கியத்தில் ‘எஸ்தாபா’ என்றும் இரண்டாவதில் ‘எஸ்துவோ’ என்றும் இயல்பாக வந்துவிழும்.

முதல் வாக்கியம் நம்மை 1950க்குள் கொண்டுபோய் நிறுத்துகிறது. அங்கே நின்று பார்க்கும்போது அந்த நிலைக்குத் தொடக்கமும் தெரிவதில்லை, முடிவும் தெரிவதில்லை. இரண்டாவது வாக்கியம் நம்மை வெளியே நிறுத்தி, ‘இதோ, இந்த இடத்தில் முடிந்தது’ என்று எல்லைக்கல்லைக் காட்டுகிறது. ‘இரு’ என்பதற்கு ஸ்பானிய மொழியில் ‘ஸெர்’, ‘எஸ்தார்’ என்று இரண்டு வினைகள் உண்டு. ஒருவர் இன்னார், இத்தகையவர் என்பதற்கு ஸெர். எங்கே, எந்த நிலையில் என்பதற்கு எஸ்தார். ஸெர் இறந்தகாலத்தில் ‘எரா’ என்றும் ‘ஃபுவே’ என்றும், எஸ்தார் ‘எஸ்தாபா’ என்றும் ‘எஸ்துவோ’ என்றும் பிரிகின்றன. ஆக, நம்முடைய ஒரே ‘இருந்தார்’ அங்கே நான்காக நிற்கிறது.

வகுப்பறைகளில் இதற்கு ஓர் எளிய சூத்திரம் சொல்வார்கள். நீண்டகாலம் என்றால் எரா, குறுகிய காலம் என்றால் ஃபுவே. தவறான சூத்திரம். ஒருவர் முப்பது ஆண்டுகள் ஆசிரியராக இருந்தார் என்பதற்கு ஃபுவேதான் வரும். கதவைத் திறந்த அந்த நொடியில் அறை இருட்டாக இருந்தது என்பதற்கு எஸ்தாபாதான் வரும். நிரந்தரம் என்றால் ஸெர், தற்காலிகம் என்றால் எஸ்தார் என்ற சூத்திரமும் இப்படித்தான் உடையும். இறந்திருப்பதைவிட நிரந்தரமானது எதுவுமில்லை, ஆனால் அதற்கு அவர்கள் சொல்வது எஸ்தார். காலத்தின் நீளம் இங்கே அளவுகோல் அல்ல. சொல்பவர் எங்கே நிற்கிறார் என்பதுதான் கேள்வி. 1847இல் வெளிவந்த தம் இலக்கண நூலில் அந்திரேஸ் பெய்யோ ‘எரா’ வகைக்குக் ‘கோப்ரெத்தேரித்தோ’ என்று பெயரிட்டார். உடன்நிகழ் இறந்தகாலம் என்று அதைத் தமிழாக்கலாம். கடந்துபோன ஒன்றோடு கூடவே நடந்துகொண்டிருப்பது என்று பொருள்.

இலக்கணத்தில் இவ்வளவு நுணுக்கம் இலக்கிய வாசகனுக்கு எதற்கு என்று கேட்கலாம். குவாத்தமாலா எழுத்தாளர் அகுஸ்தோ மொந்தெர்ரோசோவின் டைனோசர் கதையை (1959) நண்பர்கள் பலர் அறிந்திருப்பார்கள். மூலத்தில் ஏழே சொற்கள். அதில் டைனோசருக்குரிய வினை ‘எஸ்தாபா’. அதை ‘எஸ்துவோ’ என்று மாற்றிவிட்டால் விலங்கு வந்துபோன ஒரு செய்தி மட்டுமே மிஞ்சும். எஸ்தாபா என்பதால்தான் அது போகவில்லை. வாசிக்கும் நாமும் அந்த அறைக்குள் மாட்டிக்கொள்கிறோம்.

எனக்கு இது உறைத்தது வேறொரு தருணத்தில். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுகதையை ஸ்பானிய மூலத்திலிருந்து தமிழாக்க முயன்றேன். இறந்துபோன தந்தையை மகன் நினைத்துக்கொள்ளும் கதை. முதல் இரண்டு பக்கங்களில் வரிக்கு வரி எரா, எஸ்தாபா. எல்லாவற்றையும் ‘இருந்தார்’ என்றே எழுதினேன். நல்லம்பள்ளியில் அம்மாவிடம் படித்துக்காட்டியபோது அவர் கேட்டார்: “ஏன்டா, இது கதையா, கண்ணீர் அஞ்சலி போஸ்டரா?” அன்று மாலையே யாரிடமோ அப்பாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். “சாயங்காலமானா டீக்கடையிலதான் இருப்பாரு. சந்தையன்னிக்கு மட்டும் ஆடு பாக்கப் போயிருவாரு.” கடைசி நாட்களைச் சொல்லும்போது மட்டும் வினை மாறியது. “மூணு நாள் ஆஸ்பத்திரியில இருந்தாரு. அவ்வளவுதான்.”

அப்பா இறந்து அப்போது ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. வாழ்ந்த அப்பாவுக்கு ‘இருப்பாரு’. மருத்துவமனை அப்பாவுக்கு ‘இருந்தாரு’. ஸ்பானிய மொழியின் ஓர் எழுத்தும் அறியாத அம்மா எஸ்தாபாவையும் எஸ்துவோவையும் பிசகாமல் பிரித்துவிட்டார். அகராதிகளோடு உட்கார்ந்திருந்த எனக்கு அது கைகூடவில்லை.

‘தமிழில் இறந்தகாலம் ஒன்றே, ஆகவே இந்த வேறுபாடு மொழிபெயர்ப்பில் இழக்கப்பட்டே தீரும்’ என்று சொல்லப்படுவதை ஏற்க முடியாமல் போனது அன்றிலிருந்துதான். லத்தீன் அமெரிக்க இலக்கியம் நமக்குப் பெரும்பாலும் ஆங்கிலம் வழியே வந்து சேர்ந்தது. எராவும் ஃபுவேயும் அங்கேயே பெரும்பாலும் ஒரே சொல்லாகிவிடுகின்றன. அதைத் தமிழாக்குபவர் ‘இருந்தார்’ என்று எழுதுவதில் குற்றமில்லை. அவர் கைக்கு வந்ததே அதுதான். நம் மொழியில் அதற்கு வழியில்லை என்று முடிவுகட்டுவதுதான் பிழை.

வழி இருந்ததற்குச் சான்று தேடி நான் வெகுதூரம் போகவேண்டியிருக்கவில்லை. நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில்தான் அதியமான்கோட்டை. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலைப் பாடல் புறநானூற்றில் 235ஆவது. அதை வினைகளுக்காக மட்டும் ஒருமுறை படித்துப்பாருங்கள். முதற்பகுதியில் அதியமான் என்னென்ன செய்வான் என்று ஔவை அடுக்கும் வினைகள் ‘செய்யும்’ என்னும் வாய்பாட்டில் வருகின்றன. ஈயும், உண்ணும், நிற்கும். கள் கொஞ்சமே கிடைத்த நாளிலும் நிறையக் கிடைத்த நாளிலும் அவன் எப்படி நடந்துகொள்வான் என்பது இறந்தகால வினையே இல்லாமல் சொல்லப்படுகிறது. இடையில் ‘கலத்தன்’ என்றொரு குறிப்புவினை. பல கலங்களோடு உண்பவன் அவன் என்பது பொருள். ‘இருந்தான்’ என்ற துணையே அதற்குத் தேவைப்படவில்லை. இவற்றின் பின்னெல்லாம் ‘மன்னே’ என்ற இடைச்சொல் வந்து நிற்கிறது. மன் என்பது கழிவு, ஆக்கம், ஒழியிசை என்ற மூன்று பொருளில் வரும் என்பது தொல்காப்பியம். அவற்றுள் கழிவுக்கு உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு இந்தப் பாடலே.

அதாவது, வினை அதியமானை வாழவைக்கிறது. இடைச்சொல் ‘அது கழிந்தது’ என்கிறது. எராவுக்கு இதைவிட நெருக்கமான ஒன்றை எந்த மொழியிலும் நான் கண்டதில்லை. பிறகு அவன் மார்பைத் துளைத்த வேல் வருகிறது. அங்கே வினை ‘வீழ்ந்தன்று’ என்று திட்டமான இறந்தகாலமாகிறது. மன் நின்றுவிடுகிறது. முடிவில், என் தலைவன் இப்போது எங்கே ‘உளன்’ என்று ஔவை கேட்கிறார். அது எஸ்தார் கேட்கும் கேள்வி. அம்மாவின் ‘இருப்பாரு’வும் ‘இருந்தாரு’வும் இதே மரபின் தொடர்ச்சி என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே என் தரப்பு இதுதான். மொழிபெயர்ப்பாளர் முதலில் கேட்கவேண்டியது ‘இதற்குத் தமிழ்ச்சொல் என்ன’ என்பதல்ல; ‘கதைசொல்லி காலத்தின் உள்ளே நிற்கிறாரா, வெளியே நிற்கிறாரா’ என்பது. உள்ளே என்றால் தமிழ் தரும் வழிகள் பல. “அப்போது தாத்தா பள்ளி ஆசிரியர்” என்று பெயரோடு வாக்கியத்தை நிறுத்தலாம். காலத்தை ‘அப்போது’ பார்த்துக்கொள்ளும். வழக்கமாக நிகழ்ந்தது என்றால் ‘இருப்பார்’. தொடர்ச்சி தெரியவேண்டுமென்றால் ‘இருந்துவந்தார்’. வெளியே என்றால் “முப்பது ஆண்டுகள் ஆசிரியராக இருந்தார்” என்று எல்லையைச் சொல்லி ‘இருந்தார்’ போடலாம்; இடத்துக்கேற்ப ‘ஆனார்’, ‘ஆயிற்று’, ‘இருந்துவிட்டார்’ எல்லாம் உதவிக்கு வரும். விருந்து எங்கே ஃபுவே என்று வந்தால் ‘நடந்தது’ என்றே எழுதிவிடலாம். ஃபுவே என்பது ‘போனார்’ என்பதற்கும் இறந்தகால வடிவம் என்பதை மறந்து தடுமாறியவர்களில் நானும் ஒருவன்.

இதிலும் ஓர் ஆபத்து உண்டு. எரா வரும் இடமெல்லாம் ‘இருந்துகொண்டிருந்தார்’ என்று எழுதத் தொடங்கினால் நடை நடக்கவே முடியாமல் போகும். சூத்திரத்துக்குப் பதில் இன்னொரு சூத்திரம் தீர்வாகாது. பல இடங்களில் வெறும் ‘இருந்தது’ போதும். சுற்றியுள்ள வாக்கியங்களே அது எந்த இருந்தது என்பதைச் சொல்லிவிடும். இழந்தே ஆகவேண்டிய இடங்களும் இருக்கின்றன. ஆனால் இழப்பது என்னவென்று தெரிந்து இழப்பதும், தெரியாமலே இழப்பதும் ஒன்றல்ல.

ஸ்பானியக் கலைக்களஞ்சியங்களில் இறந்தவரைப் பற்றிய குறிப்பு பெரும்பாலும் ‘ஃபுவே’ என்று தொடங்கும். இன்னார் ஒரு கவிஞராக இருந்தார், முடிந்தது. அதே மனிதரை அவர் மகள் நினைத்துக்கொள்ளும்போது எரா என்பாள். இரண்டுமே உண்மைதான். கலைக்களஞ்சியத்தின் உண்மையை மட்டுமே தமிழில் சொல்ல முடியும் என்று நாம் நம்பத் தொடங்கிவிட்டால், நம் மொழிபெயர்ப்புக் கதைகளில் இறந்தவர்கள் எல்லாரும் ஒரேயடியாக இறந்துவிடுவார்கள்.

அந்தச் சிறுகதையைத் திரும்ப எடுத்து எழுதினேன். தந்தை வரும் முதல் இரண்டு பக்கங்களில் இப்போது ஓர் ‘இருந்தார்’ கூட இல்லை. மூன்றாம் பக்கத்தில், அவர் இறக்கும் பத்தியில், ஒன்றே ஒன்று இருக்கிறது.